மூட்டு வீங்கின பிள்ளைக்குக் கிழிக்கணுமா, ஊசி போடணுமா?

கல்லிடைக்குறிச்சி பக்கத்துல ஒரு கிராமத்துல இருந்து ஒரு அம்மா எழுதியிருக்காங்க. நாலு பக்கம் கடிதம், கூட லேப் பேப்பர் போட்டோ ஒம்பது. பேரெல்லாம் எடுத்துட்டு சுருக்கமா சொல்லுதேன்.

பொண்ணுக்கு மூணே முக்கால் வயசு. ஆவணி கடைசில ரெண்டு நாள் சளி, காய்ச்சல். அது போயி ஒரு வாரத்துல வலது முட்டி வீங்கியிருக்கு. ஆச்சி பாத்துட்டு, எங்கயோ குதிச்சிருக்கா, உளுக்குதான்னு விளக்கெண்ணெய் போட்டு பத்து நாள் தடவியிருக்காங்க. வத்தல. பக்கத்து கிளினிக்ல அஞ்சு நாள் ஆன்டிபயாடிக் சிரப், அதுலயும் வத்தல. ரத்தம் எடுத்தாங்க, தொண்டைக் கிருமி வந்து போச்சான்னு பாக்குற ஏஎஸ்ஓ டெஸ்ட் 412, "வாதக் காய்ச்சல், 21 நாளுக்கு ஒருக்க ஊசி போடணும், பதினெட்டு இருபது வயசு வரைக்கும்"னு சொல்லி ரெண்டு ஊசி போட்டாச்சு. அதுக்கு இடையில ஒரு எலும்பு டாக்டர் முட்டில ஊசி விட்டு 10 மில்லி நீர் எடுத்திருக்கார், மஞ்சளா கலங்கலா இருந்திருக்கு, "சீழ் மாதிரி இருக்கு, கிழிச்சுக் கழுவிரலாம்"னார். அந்த நீர்ல கிருமி வளருதான்னு வச்சுப் பாக்குற கல்ச்சர்ல ஒண்ணும் வளரல. இன்னொரு ஆஸ்பத்திரில போனா, "இது கிருமி இல்ல, குழந்தைங்களுக்கு வர்ற மூட்டுவாதம், மூட்டுக்குள்ள ஸ்டீராய்டு ஊசி போட்டா சரியாயிரும்"னாங்க. வாதத்துக்குப் பாக்குற ரத்த டெஸ்ட் ஆர்ஏ ஃபேக்டர் நெகட்டிவ், அப்புறம் எப்படி வாதம்னு இவங்க கேட்டதுக்கு சரியா பதில் சொல்லல.

இப்ப ஏழு வாரம் ஆச்சு. வீட்டுக்காரர் சவுதில, "கார்த்திகைல லீவுல வருதேன், அதுவரை யாரும் பிள்ளை மேல கைய வைக்கக்கூடாது"ன்னுட்டார். பக்கத்து வீட்டுப் பையனுக்கு சின்ன வயசுல இடுப்பு மூட்டுல சீழ் வச்சு இன்னைக்கும் ஒரு கால் குட்டை, அவனுக்கும் முதல்ல உளுக்குன்னுதான் சொன்னாங்களாம். அதனால இவங்களுக்கு தூக்கமே இல்ல. வீட்டுல தாத்தா ரெண்டு வருசம் முன்னாடி டிபி மாத்திரை சாப்பிட்டு முடிச்சவர். கடைசி வரில ஒண்ணு எழுதியிருந்தாங்க: "நான் பீடி சுத்துதேன் மேடம், அந்தத் தூள் பட்டுதான் பிள்ளைக்கு இப்படி ஆச்சுன்னு மாமியார் சொல்லுதாங்க, நெசமா?"

அதுக்கு முதல்ல பதில் சொல்லிருதேன் தங்கச்சி. இல்ல. பீடித்தூளால முட்டி வீங்காது. தூள் பக்கத்துல பிள்ளைய விளையாட விடாதீங்க, கை கழுவிட்டு சோறு ஊட்டுங்க, அது வேற விசயம், நெஞ்சுக்கு நல்லது. இந்த முட்டிக்கு நீங்க காரணமே கிடையாது. ஆச்சியையும் திட்டாதீங்க, மூணு வயசுப் பிள்ளை கெந்திக் கெந்தி நடந்தா எந்த ஆச்சியும் உளுக்குன்னுதான் சொல்லும். தடவுறத மட்டும் இனி நிறுத்தச் சொல்லுங்க, வீங்கின மூட்டை அமுக்கி உருவுனா வலி கூடுமே தவிர குறையாது.

நான் பிள்ளைய நேர்ல பாக்கல, பேப்பரையும் போட்டோவையும் வச்சுதான் எழுதுதேன், அதை மனசுல வச்சுக்கிட்டு படிங்க.

கிருமியா, வாதமா

ரெண்டுலயும் முட்டி வீங்கும், ரெண்டுலயும் பிள்ளை நொண்டும், ரெண்டுலயும் உள்வீக்கத்தைக் காட்டுற இஎஸ்ஆர்ங்கிற ரத்த அளவு ஏறும். பெரிய வித்தியாசம் எதுலன்னா, நேரத்துல. கிருமி மணிக்கணக்குல வேலை பாக்கும், வாதம் வாரக்கணக்குல. நேத்து ஓடியாடுன பிள்ளை இன்னைக்கு காலைல காலை ஊனவே மாட்டேங்கா, உடம்பு கொதிக்கு, முட்டிய லேசா மடக்கி வச்சுக்கிட்டு பக்கத்துல போனாலே அலறுதா, அன்னைக்கு சோறு இறங்கல, முகமே வாடிப்போயிருக்குன்னா அது கிருமின்னு நினைச்சுதான் நாங்க ஓடுவோம். ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ்னு ஒரு கிருமி, பெரும்பாலும் இதுதான். அது உள்ள போனா குருத்தெலும்பை அரிக்க ஆரம்பிச்சிரும், ஒரு சில நாள்லயே திரும்ப வளராத சேதம் ஆயிரும். உங்க பக்கத்து வீட்டுப் பையனுக்கு நடந்தது அதுதான், அதுலயும் இடுப்பு மூட்டு இன்னும் மோசம், ஏன்னா தொடையெலும்பு உருண்டைக்குப் போற ரத்தக்குழாய் அந்த மூட்டுப் பைக்குள்ளேயே போகுது, சீழ் நிறைஞ்சு இறுக்கினா ரத்தம் போகாம உருண்டையே செத்துரும். அதனால இடுப்புன்னா நாங்க ராத்திரி ரெண்டு மணிக்கும் தியேட்டர் திறக்கச் சொல்லுவோம்.

உங்க பொண்ணு அப்படி இல்ல. நீங்க எழுதுனதுலயே பதில் இருக்கு, நீங்க சாதாரணமா எழுதிட்டுப் போயிட்டீங்க: "காலைல எந்திரிச்சா தூக்கச் சொல்லுதா, பத்து பதினோரு மணிக்கு மேல தெருவுல மத்த பிள்ளைங்க கூட ஓடுதா, அதான் நடிக்காளோன்னு அவ சித்தி சொல்லுதா." நடிக்கல தங்கச்சி. வாதத்தோட கையெழுத்தே இதுதான். ராத்திரி பூரா அசையாம கிடந்த மூட்டு காலைல இறுகிப்போயிரும், நடக்க நடக்க இளகும். சீழ் பிடிச்ச மூட்டு மதியம் ஆனா நல்லாயிராது. அதோட ஏழு வாரமா ஸ்டாஃபிலோகாக்கஸ் முட்டிக்குள்ள இருந்தா இந்நேரம் எக்ஸ்ரேல தெரியிற அளவுக்கு அரிச்சிருக்கும், பிள்ளையும் தெருவுல ஓடாது. முட்டி சூடா இருக்கு ஆனா சிவக்கலன்னும் எழுதியிருக்கீங்க. அதுவும் வாதத்துக்குப் பொருந்துது, மேல தோல் சிவந்து மினுமினுன்னு இருந்தா எனக்கு கிருமி பயம் வரும்.

ஜுவெனைல் இடியோபதிக் ஆர்த்ரைடிஸ், சுருக்கமா ஜேஐஏ, அதுக்கு விளக்கமே இப்படித்தான்: 16 வயசுக்குள்ள ஆரம்பிச்சு, குறைஞ்சது ஆறு வாரம் மூட்டு வீங்கி இருக்கணும், வேற காரணம் எதுவும் இல்லன்னு பாத்து முடிச்சிருக்கணும். இதுல கடைசி வரிதான் முக்கியம். ரத்தத்துல ஒரு டெஸ்ட் பண்ணி "ஆமா"ன்னு சொல்ற நோய் இல்ல இது, மத்ததையெல்லாம் ஒவ்வொண்ணா தள்ளிட்டு வந்து சேர்ற இடம். உங்க விசயத்துல அந்தத் தள்ளுற வேலை பாதிலேயே நிக்குது, அதான் ரெண்டு டாக்டரும் ரெண்டு பக்கம் இழுக்காங்க.

ஒண்ணு திருத்தணும். "காய்ச்சல் இல்ல, அதனால கிருமி இல்லன்னு நினைச்சுட்டேன்"னு எழுதியிருக்கீங்க. உங்க பிள்ளைக்கு முடிவு சரியா வந்துருக்கு, ஆனா கணக்கு தப்பு. ஆறு மாசத்துல இருந்து நாலு வயசுக்குள்ள கிங்கெல்லா கிங்கேன்னு ஒரு கிருமி மூட்டுல வரும், பெரும்பாலும் சளிக்குப் பின்னாடி, காய்ச்சல் லேசா இருக்கும், சில பிள்ளைக்கு இருக்கவே இருக்காது, உள்வீக்கத்தைக் காட்டுற சிஆர்பிங்கிற ரத்த அளவும் பெருசா ஏறாது. சாதாரண கல்ச்சர்ல அது வளராது, எடுத்த நீரை ரத்த கல்ச்சர் பாட்டில்ல ஊத்தி வச்சா வளர வாய்ப்பு கூடும், இல்லன்னா கிருமியோட மரபணுவைத் தேடுற பிசிஆர்லதான் மாட்டும். கைக்குழந்தைக்கு இன்னும் கஷ்டம். நான் படிச்சு முடிச்ச புதுசுல, எட்டு மாசப் பையன், காய்ச்சல்னு சேத்தோம். அவங்க அம்மா சேக்கும்போதே சொன்னா, "துணி மாத்தும்போது மட்டும்தான் மேடம் கத்துதான்"னு. நான் அதை கேஸ் ஷீட்டுல எழுதக்கூட இல்ல. மூணாவது நாள் இடது காலை அசைக்கவே இல்ல, அப்பதான் இடுப்புல கை வச்சேன். சீழ் எடுத்து காப்பாத்துனோம், ஆனா கால் நீளம் சமமா வரல. அதுக்கப்புறம் எந்தப் பிள்ளையோட அம்மா என்ன சொன்னாலும் அவங்க சொன்ன வார்த்தையிலேயே எழுதி வைக்கது பழக்கமாயிருச்சு.

அந்த பேப்பர்ல இருக்க நம்பருங்க

சிஆர்பி. முதல் லேப்ல 1.8, மூணு வாரம் கழிச்சு வேற லேப்ல 16, "ஒம்பது மடங்கு ஏறிருச்சே"ன்னு அழுதுட்டு எழுதியிருக்கீங்க. போட்டோவ பெருசாக்கிப் பாருங்க, நம்பருக்குப் பக்கத்துல சின்னதா அளவு போட்டிருக்கும். முதல் லேப் டெசிலிட்டருக்கு, அதாவது லிட்டர்ல பத்துல ஒரு பங்குக்கு, இத்தனை மில்லிகிராம்னு போடுது, ரெண்டாவது லேப் லிட்டருக்கு. டெசிலிட்டருக்கு 1.8ன்னா லிட்டருக்கு 18. ஆக 18ல இருந்து 16 ஆயிருக்கு, ஏறவே இல்ல. இந்தக் குழப்பத்துல டாக்டருங்களே விழுந்திருக்காங்க, நீங்க விழுந்ததுல ஆச்சரியமில்ல. இனி ஒரே லேப்ல எடுங்க.

ஏஎஸ்ஓ 412. இது ஸ்ட்ரெப்டோகாக்கஸ்ங்கிற கிருமி எப்பவோ தொண்டைக்கு வந்துட்டுப் போனதுக்கு அடையாளம், அவ்வளவுதான். அங்கன்வாடிக்குப் போற, சளி பிடிக்கிற பல பிள்ளைங்களுக்கு எடுத்துப் பாத்தா 200ஐத் தாண்டி நிக்கும். வாதக் காய்ச்சல்ல மூட்டு வலி தாவும், இன்னைக்கு முட்டி, நாளைக்கழிச்சு கணுக்கால், அப்புறம் முழங்கை, ஒவ்வொரு மூட்டும் சில நாள்ல சரியாயிரும், வலி மாத்திரைக்கு பட்டுனு கேக்கும். ஒரே முட்டில ஏழு வாரம் உக்காந்திருக்காது. மூணு வயசுல அது அபூர்வமும் கூட. நம்ம நாட்டுல வாதக் காய்ச்சல் இன்னும் இருக்கு, இதயத்த கெடுக்கும், அதனால பயந்து போட்ட ஊசிய நான் குறை சொல்லல. ஆனா 412ங்கிற ஒரே நம்பரை வச்சு பதினஞ்சு வருசம் ஊசின்னு முடிவு பண்ணக்கூடாது. எக்கோன்னு இதயத்துக்கு எடுக்கிற ஸ்கேன் ஒண்ணு எடுத்துருங்க. நீங்களா ஊசிய நிறுத்தாதீங்க, எக்கோவையும் பிள்ளையையும் பாத்துட்டு டாக்டர் நிறுத்தட்டும்.

ஆர்ஏ ஃபேக்டர் நெகட்டிவ். இதுதான் உங்களுக்குப் பெரிய குழப்பம். ஆர்ஏ ஃபேக்டர் பெரியவங்க சரவாங்கிக்குப் பாக்குற டெஸ்ட், வாதம் வந்த பிள்ளைங்கள்ல நூத்துக்கு அஞ்சு பேர் மாதிரிதான் பாசிட்டிவ் வரும். நெகட்டிவ்ங்கிறதால வாதம் இல்லன்னு ஆகாது. உங்க பொண்ணு வயசுல பாக்க வேண்டியது ஏஎன்ஏங்கிற இன்னொரு ரத்த டெஸ்ட், அதுவும் வாதமா இல்லையான்னு தெரிஞ்சுக்க இல்ல, கண்ணுக்காக. அதைக் கீழ சொல்லுதேன்.

மூட்டு நீர் 21,000 செல். இங்கதான் "சீழ்"ங்கிற வார்த்தை வந்து உங்க வீட்டையே கலக்கியிருக்கு. நல்ல மூட்டுல இருக்க நீர் தெளிவா, வெண்டைக்காய் கொழகொழப்பா இருக்கும், சிரிஞ்சை தினசரி காலண்டர் தாள் மேல வச்சா அந்தப் பக்கம் இருக்க ராகுகாலம் வரைக்கும் வாசிக்கலாம். வாதம் வந்த மூட்டுல அது மஞ்சளா, தண்ணியா, புகை போட்ட மாதிரி இருக்கும், எழுத்து இருக்குன்னு தெரியும் ஆனா வாசிக்க முடியாது. சீழ்னா மோர் மாதிரி, தாளே தெரியாது. உங்க டாக்டர் பாத்தது அந்த நடுவுல இருக்க ரகம்னு நினைக்கேன். 50,000க்கு மேல போனா கிருமின்னு ஒரு கோடு போட்டு வச்சிருக்கோம், ஆனா அது மதில் இல்ல, வாதத்துல 60,000 பாத்திருக்கேன், கிருமில 25,000மும் பாத்திருக்கேன். அஞ்சு நாள் ஆன்டிபயாடிக் குடிச்சப்புறம் எடுத்த நீர் வேற, அதனால கல்ச்சர்ல ஒண்ணும் வளரலங்கிறதுக்கு பாதி மதிப்புதான். இதை மத்த அம்மா அப்பாக்களுக்கும் சேத்து சொல்லுதேன், மூட்டு வீங்குன பிள்ளைக்கு முதல்ல சிரப் வாங்கிக் குடுக்காதீங்க, நீரை எடுத்துட்டு, ரத்த கல்ச்சர் எடுத்துட்டு, அப்புறம் மருந்து. பிள்ளை ரொம்ப மோசமா இருந்தா மட்டும் காத்திருக்காம ஆரம்பிப்பாங்க.

நெட்டுல பாத்துட்டு "காக்கர் ஸ்கோர் போட்டேன், ரெண்டு வந்துச்சு, நாப்பது சதவீதம் கிருமின்னு காட்டுது"ன்னு உங்க தம்பி சொன்னதா எழுதியிருக்கீங்க. தம்பிக்கு அக்கா மேல பாசம், சரி. அது 1999ல பாஸ்டன்ல செஞ்ச ஆய்வு, இடுப்பு மூட்டுக்கு, திடீர்னு நொண்டி வர்ற பிள்ளைக்கு, சீழா இல்ல சளிக்குப் பின்னாடி வந்து தானா போற மூட்டு நீரான்னு பிரிக்க. காய்ச்சல் 38.5 டிகிரிக்கு மேல, அதாவது 101.3, கால் ஊனாம இருக்கது, இஎஸ்ஆர் 40க்கு மேல, வெள்ளணு 12,000க்கு மேல, இந்த நாலும்தான். பின்னாடி 2006ல சிஆர்பியையும் சேத்தாங்க. அதே ஸ்கோரை வேற ஆஸ்பத்திரில வச்சுப் பாத்தப்போ அவ்வளவு துல்லியமா வரல. ஏழு வாரம் வீங்கின முட்டிக்கு அதைப் போடவே கூடாது, வெளையாத வயலுக்கு மகசூல் கணக்குப் போட்ட கதை.

ஸ்டீராய்டுக்கு முன்னாடி மூட வேண்டிய ரெண்டு கதவு

வாதம்னு நான் முக்கால்வாசி சாஞ்சுட்டேன். ஆனாலும் ஸ்டீராய்டு உள்ள போறதுக்கு முன்னாடி ரெண்டு விசயத்தை கண்டிப்பா பாத்துரணும்.

ஒண்ணு டிபி. வீட்டுல தாத்தாவுக்கு இருந்திருக்கு, அவர் மடியிலதான் பிள்ளை வளருது. டிபி மூட்டுல வந்தா ஒரே ஒரு மூட்டு, மெதுவா, வலி கம்மியா, அச்சு அசலா வாதம் மாதிரியே வீங்கும், அதுல ஸ்டீராய்டு போட்டா தீயில எண்ணெய். கைத்தோல்ல ஊசி போட்டு டிபிக்குப் பாக்குற மாண்டூ டெஸ்ட், நெஞ்சு எக்ஸ்ரே ரெண்டும் எடுங்க. மூட்டு நீரை அடுத்த தடவை எடுக்கும்போது டிபி கிருமியோட மரபணுவைத் தேடுற சிபிநாட் டெஸ்டுக்கும் டிபி கல்ச்சருக்கும் அனுப்பச் சொல்லுங்க. அப்பவும் சந்தேகம் நின்னா மூட்டு உள்சதைல துளி எடுத்து பயாப்ஸி பாப்பாங்க, சின்ன ஓட்டைல கேமரா விட்டு எடுத்துரலாம். இதுக்கு எதிர்ப்பக்கமும் ஒரு தப்பு நம்ம ஊர்ல நடக்கு, எந்த ஆதாரமும் இல்லாம "எதுக்கும் இருக்கட்டும்"னு ஆறு மாசம் டிபி மாத்திரை. அதுக்கும் தலையாட்டாதீங்க.

இன்னொண்ணு ரத்தப் புற்றுநோய். பயப்படுத்த சொல்லல, உங்க பொண்ணுக்கு அந்த அடையாளம் எனக்குத் தெரியல. பிளேட்லெட் 4.8 லட்சம் இருக்கு, வீக்கம் இருக்க பிள்ளைக்கு அது ஏறத்தான் செய்யும். லுக்கீமியால பெரும்பாலும் பிளேட்லெட் குறையும், ராத்திரி தூக்கத்துல எந்திரிச்சு அழும், வீக்கத்துக்கு சம்மந்தமே இல்லாத அளவு எலும்பு வலிக்கும். ஹீமோகுளோபின் 9.8 இருக்கதால ரத்தத் துளிய கண்ணாடில தடவி மைக்ரோஸ்கோப்ல பாக்குற பெரிஃபெரல் ஸ்மியர் மட்டும் ஒரு தடவை நல்ல லேப்ல பாத்துருங்க, பெரிய செலவில்ல. ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்லுதேன்னா, பேர் எழுதாத பொட்டலத்துல குட்டி வெள்ளை ஸ்டீராய்டு மாத்திரை குடுக்க ஆளுங்க இருக்காங்க, ரெண்டே நாள்ல வீக்கம் வத்தி பிள்ளை குதிக்கும், உள்ள இருக்க லுக்கீமியாவும் கொஞ்ச நாளைக்கு ஒளிஞ்சுக்கும். அப்புறம் கண்டுபிடிக்கும்போது வைத்தியமே சிக்கலாயிரும்.

ஆம்பளைப் பிள்ளை வச்சிருக்கவங்களுக்கு ஒண்ணு, இது இந்தக் கடிதத்துக்கு சம்மந்தமில்ல ஆனாலும் சொல்லிருதேன். லேசா இடிச்சதுக்கே முட்டி திடுதிப்புன்னு வீங்கினா, ஊசி விடுறதுக்கு முன்னாடி தாய்மாமனுக்கு பல் பிடுங்கி ரத்தம் நிக்காம கஷ்டப்பட்ட கதை ஏதும் உண்டான்னு யோசிச்சு டாக்டர்கிட்ட சொல்லுங்க. ரத்தம் சரியா உறையாத ஹீமோஃபிலியாங்கிற நோய்ல உள்ள இருக்கது நீரும் இல்ல சீழும் இல்ல, ரத்தம்.

கிழிக்கணுமா, ஊசியா

கிருமி உறுதின்னா பெரும்பாலும் கிழிச்சோ கேமரா விட்டோ கழுவணும், கூட நரம்பு வழி ஆன்டிபயாடிக், பிள்ளை தேறினதும் வாய் வழி, ரெண்டு மூணு வாரம். அந்த எலும்பு டாக்டர் பயந்தது தப்பில்ல, கலங்கல் நீரைப் பாத்துட்டு சும்மா அனுப்பிட்டு மறுநாள் மூட்டு போச்சுன்னா அவரைத்தான் கேப்போம். ஆனா இப்ப, ஏழாவது வாரத்துல, பகல்ல ஓடுற பிள்ளைக்கு முட்டியக் கிழிக்கதுல எனக்கு சம்மதம் இல்ல.

நான் உங்க இடத்துல இருந்தா இப்படிச் செய்வேன். மாண்டூ, எக்ஸ்ரே, ஸ்மியர், ஏஎன்ஏ முதல்ல முடிப்பேன். எல்லாம் சுத்தமா வந்தா, லேசான மயக்கத்துல முட்டிக்குள்ள ஊசி விட்டு நீரை மறுபடி எடுத்து டெஸ்டுக்கு அனுப்புவேன், இந்தத் தடவை ரத்த கல்ச்சர் பாட்டில்லயும் ஊத்தச் சொல்லி. நீர் பழைய மாதிரியே இருந்து, சாயம் போட்டு மைக்ரோஸ்கோப்ல பாக்குற கிராம் ஸ்டெயின்ல கிருமி இல்லன்னா அதே ஊசி வழியா ட்ரையம்சினலோன்ங்கிற ஸ்டீராய்டைப் போட்டுரலாம், பிள்ளைக்கு ஒரே குத்து. சந்தேகமா இருந்தா போடாம ரிசல்ட்டுக்குக் காத்திருக்கலாம், வாதத்துல ஒரு வாரம் தள்ளிப்போனா மூட்டு போயிராது. "ஸ்டீராய்டு போட்டா கால் போயிரும்"னு உங்களுக்கு யாரோ சொன்னது, கிருமி இருக்க மூட்டுல போட்டா பாதி நிசம். வாதத்துல தலைகீழ், போடாம விட்டாதான் காலுக்கு ஆபத்து. வாதம் இருக்க முட்டிக்கு ரத்த ஓட்டம் கூடி அந்தப் பக்க எலும்பு வேகமா வளரும், அந்தக் கால் நீளமாயிரும், முட்டி மடங்கினபடியே நிக்கப் பழகிரும், தொடை சூம்பும். ரெண்டு தொடையையும் முட்டிச் சில்லுல இருந்து நாலு விரக்கடை மேல ஒரு நூலால அளந்து பாருங்க, இப்பவே வித்தியாசம் தெரியலாம்.

மூட்டு ஊசிக்கு பக்கவிளைவு உண்டு, இல்லன்னு சொல்லமாட்டேன். குத்துன இடத்துல தோல் வெளுத்து சின்னதா குழி விழலாம், மெதுவா சரியாகும், ரொம்ப அபூர்வமா கிருமி போகலாம். வாயால வருசக்கணக்கா குடிக்கிற ஸ்டீராய்டுல வர்ற வளர்த்திக் குறைவு, முகம் ஊதுறது எல்லாம் இந்த ஒரு ஊசிக்கு வராது. பல பிள்ளைங்களுக்கு ஒரு ஊசில மாசக்கணக்கா அடங்கிரும். திரும்பத் திரும்ப வந்தா வாதத்தை அடக்குற மெத்தோட்ரெக்சேட்ங்கிற மருந்து குடுப்பாங்க. அது வாரத்துக்கு ஒரு நாள்தான், தினமும் இல்ல, தினமும் குடுத்தா உயிருக்கே ஆபத்து. அப்படி ஆரம்பிக்கிற நாள் வந்தா காலண்டர்ல ஞாயித்துக்கிழமைய வட்டம் போட்டு வைங்க, வீட்டுல மருந்து குடுக்கது ஒரே ஆளா இருக்கட்டும்.

வீட்டுக்காரர் விசயம். அவர் தூரத்துல இருக்கார், பயம் இருக்கத்தான் செய்யும், மயக்க ஊசிக்கு அவர் வரட்டும்னு நீங்க ரெண்டு பேரும் முடிவு பண்ணா அதுக்கு எனக்கு மறுப்பில்ல. ஆனா ரத்தமும் எக்ஸ்ரேவும் கண்ணும் அவருக்காகக் காத்திருக்க வேண்டாம். டாக்டர் ரூம்ல இருந்தே வீடியோ கால் போட்டுக் குடுங்க, அவரே கேக்கட்டும். அம்மா ஒருத்தி கையெழுத்தே வைத்தியத்துக்குப் போதும், அதையும் தெரிஞ்சு வச்சுக்கோங்க. "நீர் எடுத்த ரிப்போர்ட் ஒரிஜினலை தரமாட்டேங்காங்க"ன்னு எழுதியிருந்தீங்க. 2002 மருத்துவ கவுன்சில் விதிப்படி கேட்ட 72 மணி நேரத்துக்குள்ள மருத்துவப் பதிவுகளைக் குடுக்கணும். வாயால கேக்காம ஒரு வெள்ளைத்தாள்ல எழுதி தேதி போட்டுக் குடுங்க, நகல் ஒண்ணு நீங்க வச்சுக்கோங்க. சண்டை போட வேண்டாம், பேப்பரே பேசும். செலவு கையக் கடிச்சா பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட்ல இருக்க அரசு பெரியாஸ்பத்திரிக்குப் போங்க, குழந்தை டாக்டரும் எலும்பு டாக்டரும் ஒரே காம்பவுண்டுல இருக்காங்க, ரெண்டு பேரையும் ஒரே நாள்ல பாக்கலாம்னா இந்த இழுபறி பாதி தீந்துரும். முதலமைச்சர் காப்பீட்டு கார்டு இருந்தா கையோட கொண்டு போங்க.

யாரும் சொல்லாத ஒண்ணு, கண்ணு

ஒம்பது பேப்பர்ல எதுலயும் கண் டாக்டர் பேர் இல்ல, எனக்கு அதுதான் உறுத்துது. இந்த வயசுப் பொண்ணு, ஒரே முட்டி, இந்த ரக வாதத்துல நூத்துக்கு பத்து இருபது பிள்ளைங்களுக்கு கண்ணுக்குள்ள வீக்கம் வரும், யுவியைட்டிஸ்னு சொல்லுவோம். ஏஎன்ஏ பாசிட்டிவ்னா இன்னும் கூடும். கண்ணு சிவக்காது, வலிக்காது, தண்ணி வராது, பிள்ளைக்கு ஒண்ணுமே தெரியாது. தெரியவரும்போது கண்புரையோ கண் பிரஷரோ வந்து பார்வை கொஞ்சம் போயிருக்கும். டார்ச் அடிச்சுப் பாத்தா தெரியாது, கண் டாக்டர்கிட்ட இருக்க ஸ்லிட் லேம்ப்ங்கிற மைக்ரோஸ்கோப்லதான் தெரியும். முட்டி சரியாப் போனாலும் மூணு மாசத்துக்கு ஒருக்க சில வருசம் பாத்துக்கிட்டே இருக்கணும், முட்டியும் கண்ணும் ஒண்ணுக்கொண்ணு சொல்லிக்கிட்டு வர்றதில்ல. திருநெல்வேலி அரவிந்த் கண் ஆஸ்பத்திரி உங்களுக்கு ஒரு பஸ் தூரம்தான். போயி "கண்ணு தெரியுதான்னு பாருங்க"ன்னு சொல்லாதீங்க, "மூட்டுவாதம்னு சந்தேகம், யுவியைட்டிஸ் இருக்கான்னு ஸ்லிட் லேம்ப்ல பாக்கணும்"னு அப்படியே சொல்லுங்க. சொட்டு மருந்து போட்டா கொஞ்ச நேரம் வெயில் கூசும், ஒரு தொப்பி எடுத்துட்டுப் போங்க.

எப்ப ஓடி வரணும்

நான் வாதம்னு சாயுதேன்னு சொன்னதை வச்சு அசந்துராதீங்க. காய்ச்சல் 101 தாண்டி வந்து அதோட முட்டி வலி கூடுனாலோ, காலை சுத்தமா ஊனாம போனாலோ, முட்டி சிவந்தாலோ, பகல்லயும் ஓடாம சுருண்டு படுத்தாலோ அன்னைக்கே ஆஸ்பத்திரி, ராத்திரின்னா 108. இடுப்பு மூட்டு நோய்கூட முட்டில வலிக்குன்னுதான் பிள்ளைங்க காட்டும், அதனால இடுப்பையும் அசைச்சுப் பாக்கச் சொல்லுங்க. வாதம் இருக்க மூட்டுலயும் கிருமி வரும், ஒண்ணு இருந்தா இன்னொண்ணு வராதுன்னு சட்டம் இல்ல, ஊசி போட்ட அடுத்த சில நாளும் இதையே கவனிங்க. தினமும் ஒரே நேரத்துல காய்ச்சல் ஏறி, அந்த நேரம் மட்டும் உடம்புல இளஞ்சிவப்பா தடிப்பு வந்து, காய்ச்சல் இறங்கினதும் மறைஞ்சா அதுவும் வேற ரக வாதம், அப்பவும் உடனே காட்டணும்.

டாக்டரைப் பாக்கப் போறதுக்கு முன்னாடி ஒரு வேலை செய்யுங்க. நீங்க போற நேரம் பதினோரு மணியா இருக்கும், பிள்ளை அங்க நல்லா நடந்து காட்டிரும், டாக்டரும் "நல்லாத்தான நடக்கா"ன்னுருவார். அதனால நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு போனை ஜன்னல்ல சாத்தி வச்சு, பாய்ல இருந்து அவ எந்திரிச்சு வாசலுக்கு வர்ற வரைக்கும் வீடியோ எடுங்க. தூக்காதீங்க, கையையும் குடுக்காதீங்க. மதியம் சாப்பாட்டுக்கு சம்மணம் போட்டு உக்கார முடியுதா, வலது குதிகால் பின்பக்கத்தைத் தொடுதான்னு இன்னொரு வீடியோ. ரெண்டும் சேந்து ஒரு நிமிசம் போதும், உள்ள போனதும் வாயத் திறக்கதுக்கு முன்னாடி அதைக் காட்டுங்க.